ஒப்லீக்: சாய்ந்து நிற்கும் ஒரு சொல்லும் தமிழின் குறிப்பு வழக்கும்



தமிழ் மேடையொன்றில் ஆங்கிலப் பெயரடை ஒன்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ‘ஒப்லீக்’ என்னும் அச்சொல்லை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் மாணவர்கள் அச்சொல்லை மூன்று வாயில்களில் சந்திக்கின்றனர். கணிதப் பாடத்தில் கோடாகவும் கோணமாகவும் வருகிறது. மொழியியல் பயில்வோர்க்கு வேற்றுமைப் பகுதியில் கலைச்சொல்லாக வருகிறது. செய்தித்தாளிலோ, ஒருவர் மற்றொருவரைப் பற்றிச் சுற்றடியாகச் சொன்ன சொல்லுக்கு அடையாக வருகிறது. மூன்றையும் இணைக்கும் இழை யாது என்பதை வகுப்பறையில் யாரும் எடுத்துரைப்பதில்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் பொருளை எழுதிவிட்டு மாணவர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்.

அதனால் நேரும் விளைவை ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் கண்டோம். அமைச்சர் ஒருவர் தம் உரையில் பழைய பூசல் ஒன்றைப் பற்றி ‘ஒப்லீக் ரெஃபரன்ஸ்’ ஒன்று செய்தார் என்பது கொடுக்கப்பட்ட தொடர். கற்பனையான தொடர்தான். ஒருவர் ‘அமைச்சர் சாய்ந்த குறிப்பு ஒன்றைத் தந்தார்’ என்று எழுதினார். இன்னொருவர் ‘மறைமுகமாகத் தாக்கினார்’ என்றார். மூன்றாமவர் ‘தெளிவில்லாமல் குறிப்பிட்டார்’ என்று முடித்தார். முதலாவது தமிழாகாது. இரண்டாவது, அமைச்சர் செய்யாத செயலை அவர்மீது ஏற்றுகிறது. மூன்றாவது, தெளிவாகவே பேசிய ஒருவரைக் குழப்பவாதி ஆக்குகிறது. மூன்றும் அகராதியை ஒட்டியே எழுதப்பட்டவை என்பதுதான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘ஒப்லீக்வஸ்’ என்றால் சாய்ந்தது, பக்கவாட்டானது என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் ‘ரெக்டஸ்’, நேரானது. இலத்தீன் காலத்திலேயே இச்சொல் கோட்டுக்கும் வழிக்கும் மட்டுமன்றிப் பேச்சுக்கும் பார்வைக்கும் உரியதாகிவிட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த இரு பொருளும் சேர்ந்தே வந்தன.

வடிவியலில் இதன் பொருள் எளியது. செங்கோணமும் அதன் மடங்குகளும் அல்லாத எந்தக் கோணமும் ‘ஒப்லீக்’ கோணமே. குறுங்கோணமும் விரிகோணமும் இதனுள் அடங்கும். அச்சு அடித்தளத்துக்குச் செங்குத்தாக இல்லாத கூம்பு சாய்ந்த கூம்பு. வயிற்றின் பக்கத் தசைகளுக்கும், கண்ணை உருட்டும் தசைகளுள் இரண்டுக்கும் உடற்கூற்றியலார் இப்பெயரை இட்டது அவற்றின் இழைகள் சாய்ந்து ஓடுவதால்தான். புவியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதைக் குறிக்கும் சொல்லும் இதே வேரினது. பிரித்தானிய வழக்கில் எழுத்துகளுக்கு நடுவே இடும் சாய்கோட்டுக்கும் ‘ஒப்லீக்’ என்றே பெயர். மலேசியத் தமிழர் பலர் தம் அடையாள அட்டையைப் பார்த்தால், தம் பெயருக்கும் தந்தையார் பெயருக்கும் நடுவே மகன், மகள் உறவைச் சுட்டும் மலாய்ச் சுருக்கத்தில் அந்தக் கோடு நிற்பதைக் காணலாம். சிங்கப்பூரில் ஆங்கிலச் சுருக்கத்தில் நிற்கிறது. பொருள் தெரியாமலே பலரும் ‘ஒப்லீக்’ ஒன்றைப் பெயருக்குள் சுமந்து திரிகிறோம்.

ஆயினும் சாய்ந்தவை அனைத்தையும் ஆங்கிலம் இச்சொல்லால் குறிப்பதில்லை. பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தை யாரும் ‘ஒப்லீக்’ கோபுரம் என்பதில்லை. நிமிர்ந்து நிற்க வேண்டிய கட்டடம் மண் இடங்கொடாமல் சாய்ந்தது. அதற்கு ஆங்கிலம் வேறு சொல் வைத்திருக்கிறது. ‘ஒப்லீக்’ என்பது நிலைகுலைவைக் குறிக்கும் சொல்லன்று. ஒரு கோடு இன்னொன்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதையே அது குறிக்கிறது. சந்திக்கவே இல்லையென்றால் அச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. பேச்சைப் பற்றி வரும்போதும் இந்த நுட்பத்தை மறவாதிருக்க வேண்டும்.

போர்க்கலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 1757 டிசம்பரில் லொய்தன் என்னுமிடத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், தம் படையினும் பெரிதான ஆஸ்திரியப் படையை வென்றார். எதிரியின் அணிவகுப்புக்கு நேராகத் தம் அணியை நிறுத்தாமல், ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாகச் சாய்த்து, எதிரியின் ஒரு சிறகின்மீது முழு வலிமையையும் செலுத்தினார். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் நகரத் தளபதி எபமினொண்டஸ் கையாண்ட முறையும் இத்தகையது. இதனை வரலாற்றாசிரியர் ‘ஒப்லீக்’ அணிவகுப்பு என்பர். அங்கே பின்வாங்கலும் இல்லை, இலக்குத் தவறுதலும் இல்லை. அடி விழுந்தது. விழுந்த கோணம்தான் வேறு.

இனி இச்சொல்லின் அண்டை வீட்டாரைப் பார்ப்போம். மாணவர் இடறுவது இங்கேதான்.

‘இண்டைரக்ட்’ என்பது பொதுச்சொல். நேராக இல்லாத எதற்கும் அது பொருந்தும். வழிக்கும், செலவுக்கும், வரிக்கும், தேர்தலுக்கும் அதுவே வரும். அவ்விடங்களில் ‘ஒப்லீக்’ வராது. ‘ஒப்லீக் வரி’ என்று ஆங்கிலேயர் ஒருவரும் சொல்லார். தமிழில் ‘இண்டைரக்ட்’ என்பதற்கு ‘மறைமுக’ என்னும் சொல் நிலைத்துவிட்டது. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்கிறோம். இந்த ஆக்கம் நமக்கு என்றுமே மனநிறைவு தந்ததில்லை. சிங்கப்பூரில் 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024இல் 9 விழுக்காட்டை எட்டிய பொருள் சேவை வரி இவ்வகை வரிதான். கடைக்காரர் தரும் ஒவ்வொரு சீட்டிலும் அத்தொகை அச்சாகி நிற்கிறது. இதில் முகம் மறைந்தது எங்கே? ஆயினும் ஊன்றிவிட்ட வழக்கை ஒரு பொழிவால் பெயர்க்க முடியாது. பேச்சைப் பற்றி வரும்போதாவது ‘மறைமுகம்’ என்னும் சொல்லைத் தயங்கியே கையாள வேண்டும் என்பது நம் கருத்து. அச்சொல் ஒளிவையும் சூழ்ச்சியையும் கூடவே அழைத்துவருகிறது. ‘மறைமுகமாகச் சொன்னார்’ என்ற மாத்திரத்தில் சொன்னவர் பாதி குற்றவாளியாகிவிடுகிறார்.

‘சர்க்கியூட்டஸ்’ என்பது நீண்ட சுற்று. ஊர் சுற்றிப் போய்ச் சேருவது. நம் ‘சுற்றி வளைத்து’ என்பதற்கு மிக நெருங்கியது. சுற்றி வளைத்துப் பேசுபவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறார். ‘ஒப்லீக்’ ஆகப் பேசுபவரோ ஒரே தொடரில் முடித்துவிடலாம். ‘டான்ஜென்ஷியல்’ என்பது வட்டத்தைத் தொட்டுவிட்டு விலகிப்போகும் தொடுகோட்டின் தன்மை. அது பேசுபொருளை விட்டே அகன்றுவிடும். ‘இவேசிவ்’ என்பது பிடிகொடாமல் நழுவுவது. கேட்டவருக்கு விடை கிடைக்காது. ‘ஒப்டியூஸ்’ என்பது மழுங்கியது. விரிகோணத்துக்கும் மந்தமான அறிவுக்கும் அதுவே பெயர். ஒலி ஒப்புமையால் இதனையும் ‘ஒப்லீக்’ என்பதையும் மயங்குவோர் கற்றவர்களிலும் உண்டு. ‘டீவியஸ்’ என்பதன் கதை சுவையானது. ‘வழியினின்று விலகிய’ என்பதுதான் அதன் இலத்தீன் மூலப்பொருள். இன்று அது வஞ்சகத்தைக் குறிக்கிறது. நேரல்லாத எதையும் ஐயத்துடன் பார்க்கும் மனப்போக்கு அச்சொல்லை அங்கே கொண்டு சேர்த்தது. ‘ஒப்லீக்’ என்பதற்கும் முற்காலத்தில் நேர்மையற்ற என்னும் நிழற்பொருள் இருந்ததுண்டு. இன்றைய வழக்கில் அது பெரிதும் மங்கிவிட்டது.

ஆகவே இன்றைய ஆங்கிலத்தில் பேச்சுக்கு இச்சொல் அடையாகும்போது மூன்று செய்திகள் அதனுள் இருக்கும். பேசுபவர் பொருளைப் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. எனினும் அப்பொருளைத் தவிர்க்கவும் இல்லை. கேட்பவர்களுள் உரியவருக்கு அது விளங்கும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு உண்டு. இந்த மூன்றாவதே இச்சொல்லின் உயிர். இது பெரும்பாலும் குறிப்பு, பார்வை, கண்டனம், அணுகுமுறை, விடை ஆகிய பெயர்களுக்கு அடையாக நிற்கும். ஆளுக்கு நிலையான பண்பாக இதனைச் சொல்லுதல் அரிது. ‘அவர் அப்போது ஒப்லீக் ஆகப் பேசினார்’ எனலாம். ‘அவர் ஒப்லீக் ஆன மனிதர்’ என்றால் கேட்பவர் புருவம் உயரும்.

இச்சொல் தமிழ் இலக்கணத்துக்குள் வந்த கதை தனியே விரித்துரைக்கத் தக்கது. கிரேக்கர் வேற்றுமையை ‘வீழ்ச்சி’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். எழுவாய் நிமிர்ந்து நிற்பது, ஏனையவை சாய்ந்து விழுவன என்பது அவர்கள் கொண்ட உருவகம். அரிஸ்டாட்டில் எழுவாயை வீழ்ச்சிகளுள் ஒன்றாக எண்ணவில்லை. ஸ்டோயிக்கர் எண்ணினர். நிமிர்ந்து நிற்பதை வீழ்ச்சி என்று எவ்வாறு சொல்வது என்று பழங்காலத்திலேயே வழக்காடியிருக்கின்றனர். இலத்தீன் இலக்கணத்தார் அவ்வுருவகத்தை அப்படியே மொழிபெயர்த்து, எழுவாயை ‘நேர் வேற்றுமை’ என்றும் ஏனையவற்றைச் ‘சாய்ந்த வேற்றுமைகள்’ என்றும் பெயரிட்டனர். நம் தொல்காப்பியர் பார்வை வேறு. அவர் எழுவாயையும் வேற்றுமையுள் அடக்கி, விளியையும் கூட்டி எட்டென்று கொள்கிறார். விழுதலும் சாய்தலும் அங்கே இல்லை. பெயரின் பொருள் வேறுபடுதலே அவருக்கு வேற்றுமை. உருவகத்தைத் தவிர்த்துச் செயற்பாட்டைப் பெயராக வைத்ததில் தமிழ் இலக்கணம் ஒரு படி தெளிவாக நிற்கிறது என்பது நம் மதிப்பீடு.

ஐரோப்பியர் தமிழ் இலக்கணம் எழுதத் தொடங்கியபோது புதிதாக ஒன்றைக் கண்டனர். ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ நேரே சேர்ந்து ‘மரமை’ ஆவதில்லை. ‘மரத்து’ என்றொரு வடிவம் முதலில் அமைந்து, அதன்மேல் உருபு ஏறி ‘மரத்தை’, ‘மரத்தால்’, ‘மரத்துக்கு’ என வருகிறது. வீடு ‘வீட்டு’ ஆகிறது. ஆறு ‘ஆற்று’ ஆகிறது. நான் ‘என்’ ஆகவும், நீ ‘உன்’ ஆகவும், அவை ‘அவற்று’ ஆகவும் திரிகின்றன. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், உருபேற்கும் இந்த அடிவடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். இன்றைய மொழியியலார் இவ்வடிவத்தை ‘ஒப்லீக்’ என்றே வழங்குகின்றனர். 1989இல் வெளிவந்த தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலிலும் அக்கலைச்சொல்லைக் காணலாம். நம் மரபில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. சாரியை என்றும், ஒற்று இரட்டித்தல் என்றும், பெயர்த் திரிபு என்றும் நிகழ்வைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். தொல்காப்பியத்து உருபியல் முழுவதும் இந்நிகழ்வைப் பற்றியதே. எந்த ஈற்றுக்கு எந்தச் சாரியை என்று வரிசையாகச் சொல்லும் அவ்வியலை மாணவர் மனப்பாடச் சுமையாகக் கருதுகின்றனர். ‘இது பெயர் சாய்ந்து உருபுக்கு இடம் தரும் நிலை’ என்று ஒரு வரி சொல்லித் தொடங்கினால் பாடம் இலகுவாகும்.

இங்கே வாழும் நமக்கு இதற்கு நல்ல சான்று வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை மலேசியத் தமிழர் ‘கம்பம்’ என்று ஆக்கிக்கொண்டனர். ஆக்கியதோடு நிற்கவில்லை. ‘கம்பத்தில் இருக்கிறார்’, ‘கம்பத்துக்குப் போனோம்’, ‘கம்பத்து வீடு’ என்று அத்துச் சாரியை கொடுத்துச் சாய்க்கவும் செய்தனர். பள்ளிக்கூடம் காணாத பாட்டியும் இதைப் பிழையின்றிச் செய்தார். ‘பசார்’ என்னும் சொல்லோ ‘பசாரில்’, ‘பசாருக்கு’ என்று சாயாமலே உருபேற்கிறது. மகர ஈறு சாயும், ரகர மெய்யீறு சாயாது என்னும் விதி பேசுவோர் நாவிலேயே இருக்கிறது. ‘கம்பத்து வீடு’ என்பதில் உருபே இல்லாமல் சாய்ந்த வடிவம் மட்டும் நின்று உடைமைப் பொருளைத் தந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். ‘ஆற்று நீர்’, ‘வீட்டு வாசல்’, ‘என் புத்தகம்’ எல்லாம் அவ்வகையே.

இன்னொன்றையும் சொல்லிச் செல்வோம். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும்’, ‘அவருக்கு மலாய் தெரியும்’ ஆகிய தொடர்களில் பசிப்பவரும் விரும்புபவரும் அறிபவரும் எழுவாய் வடிவில் இல்லை. நான்காம் வேற்றுமையில், மொழியியலார் சொற்படி ‘ஒப்லீக்’ நிலையில் இருக்கின்றனர். ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட பிள்ளைகள் ‘நான் பசிக்கிறேன்’ என்று எழுதுவதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அதை வெறும் உருபுப் பிழை என்று சிவப்பு மையிட்டு விடுவதில் பயனில்லை. பசியை நாம் செய்வதில்லை, அது நம்மிடம் வருகிறது என்று தமிழ் கருதுகிறது. அந்தக் கருத்தைச் சொன்னால் பிள்ளைகள் உருபைத் தாமே பற்றிக்கொள்வர்.

பேச்சுக்கு மீள்வோம். பிறர் கூற்றை நம் வாயால் சொல்லும் முறையை இலத்தீனார் ‘சாய்ந்த உரை’ என்றனர். நாம் அயற்கூற்று என்கிறோம். மலாய்ப் பாடத்தில் ‘சாக்காப் பிண்டா’, இடம் பெயர்ந்த பேச்சு. ஒரே நிகழ்வை ஒருவர் சாய்வாகவும், ஒருவர் அயலாகவும், ஒருவர் பெயர்ச்சியாகவும் கண்டிருக்கின்றனர். மும்மொழி பயிலும் மலேசிய மாணவருக்கு இதைச் சொல்லிக்காட்டாத ஆசிரியர் நல்ல வாய்ப்பொன்றைக் கைநழுவ விடுகிறார்.

‘ஒப்லீக்’ ஆன விடை என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு பெயர் காத்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் விடை எட்டு வகை என்கிறார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. முதல் மூன்றும் நேரான விடைகள். உரைமரபில் இவற்றைச் ‘செவ்வன் இறை’ என்பர். செம்மையான, அதாவது வளையாத, விடை. செங்கோணத்திலும் செங்கோலிலும் செங்குத்திலும் இருக்கும் அதே செம்மைதான் இங்கும் இருக்கிறது. இலத்தீனின் ‘ரெக்டஸ்’ என்பதும் இதுவே. எஞ்சிய ஐந்தும் ‘இறை பயப்பன’. இறை என்றால் விடை. விடையாக நில்லாமல் விடையைப் பயப்பவை, விடையை விளைவிப்பவை.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்குவோம். ‘விழாவில் பேசுவீர்களா?’ என்று ஓர் ஆசிரியரைக் கேட்கிறோம். ‘பேசுவேன்’ என்றால் நேர். ‘பேசமாட்டேன்’ என்றால் மறை. ‘நீங்களே பேசுங்களேன்’ என்றால் ஏவல். ‘பேசாமல் இருப்பேனா?’ என்றால் வினாதல். ‘தொண்டை கட்டியிருக்கிறது’ என்றால் உற்றது உரைத்தல். ‘பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும்’ என்றால் உறுவது கூறல். ‘வாழ்த்துரை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்’ என்றால் இனமொழி. பின்னைய ஐந்தில் ஒன்றிலாவது பேசுவேன், பேசமாட்டேன் என்னும் சொல் இல்லை. ஆனால் ஐந்திலும் கேட்டவருக்கு விடை கிடைத்துவிட்டது. வினாதல் இசைவைத் தருகிறது. ஏனைய நான்கும் மறுப்பைத் தருகின்றன. விடையே கிடைக்காத நழுவலுக்கு இப்பட்டியலில் இடமில்லை என்பதையும் பாருங்கள். ஆங்கிலம் ‘இவேசிவ்’, ‘ஒப்லீக்’ என்று பிரிப்பதை நன்னூல் ‘பயத்தல்’ என்னும் ஒரே அளவுகோலால் பிரித்துவிடுகிறது.

வினாவுக்கு எதிர்வினாவாக வருவதும் விடையே என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் முன்னரே ஏற்றுக்கொண்டது. பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று அந்நூலே பெயரியலில் வகுத்திருக்கிறது. இவற்றைச் சொல்லும்போது அரங்கில் கைதட்டல் எழுவது வழக்கம். 1975இல் அச்சான கிரைசின் கட்டுரையையும், அதே ஆண்டில் வெளிவந்த செர்லின் கட்டுரையையும் எடுத்துக்காட்டி, அவர்களுக்கு நூற்றாண்டுகள் முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்டுவோரும் உளர். அது முறையன்று. நன்னூல் வகைகளைக் கண்டு பெயரிட்டது. ‘தொண்டை கட்டியிருக்கிறது’ என்பதைக் கேட்டவர் எந்தப் படிகளைக் கடந்து ‘வரமாட்டார்’ என்ற முடிவுக்கு வருகிறார் என்பதை விளக்க முயன்றவர் கிரைஸ். இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவரே பேறுபெற்றவர்.

செய்யுள் வழக்கில் இக்கலை மேலும் நுணுகியது. இரவில் வந்துபோகும் தலைவனிடம் ‘விரைந்து மணம் செய்துகொள்’ என்று தோழி நேராகச் சொல்வதில்லை. அவன் வரும் வழியின் இருளையும் விலங்கையும் ஆற்று வெள்ளத்தையும் சொல்லி அஞ்சுகிறாள். வரைவு கடாதல் என்னும் துறையே இந்தச் சாய்வின்மேல் எழுந்தது. உள்ளுறையும் இறைச்சியும் இதன் உறவினர். கருதியதைச் சொல்லாமல் அது தோன்றப் பிறிதொன்றைச் சொல்லும் பரியாய அணியைத் தண்டியலங்காரம் பேசுகிறது. வடமொழியில் குந்தகர் கவிதையின் உயிர் ‘வக்ரோக்தி’ என்றார். வளைந்த மொழி என்பது அதன் சொற்பொருள். ‘ஒப்லீக்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய உடன்பிறப்பை வேறெங்கும் காண்பது கடினம்.

வீட்டு வழக்கிலும் இது குறைவில்லை. சாடையாகப் பேசுதல், சாடைமாடையாகச் சொல்லுதல், குத்திக்காட்டுதல், பூடகமாகச் சொல்லுதல் என்று எத்தனை தரம்! மகளைக் கடிந்துகொள்வதுபோல் மருமகளுக்குச் சொல்லும் மாமியார்களை நம் குடும்பங்கள் அறியும். பூடகம் எளிதில் விளங்காது. குத்தல் விளங்கும், வலிக்கும். சாடை உரியவருக்கு மட்டும் விளங்கும். எனவே பேச்சு வழக்கில் ‘ஒப்லீக்’ என்பதற்கு மிக அணுக்கமான சொல் ‘சாடை’ என்றே கொள்வோம். அச்சொல்லில் சற்றுப் பகைமையின் வாடை இருப்பதை மறுக்கவில்லை. ஆங்கிலச் சொல்லில் அந்த வாடை கட்டாயமன்று. அன்பினாலும் ஒருவர் ‘ஒப்லீக்’ ஆகப் பேசலாம். அத்தகைய இடங்களில் ‘குறிப்பாக உணர்த்தினார்’ என்பது பொருந்தும். ‘குறிப்பாக’ என்பது இன்று ‘சிறப்பாக’ என்ற பொருளிலும் வழங்குவதால், ‘உணர்த்தினார்’ என்னும் வினையை விட்டுவிடக் கூடாது.

மொழிபெயர்ப்போர்க்கு ஒன்று சொல்வோம். ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழிலும் பெயரடையே வேண்டும் என்று தேடாதீர்கள். தமிழில் தனிப் பெயரடைகள் சிலவே. நம் மொழி வினையால் இயங்குவது. அமைச்சரைப் பற்றிய தொடரை ‘பழைய பூசலைப் பெயர் சொல்லாமல் சுட்டிப் பேசினார்’ என்று எழுதினால் மூலத்தின் பொருள் முழுதும் வந்துவிடும். ‘ஒப்லீக்’ பார்வை என்றால் ‘பக்கப் பார்வை பார்த்தாள்’. ‘ஒப்லீக்’ கண்டனம் என்றால் ‘யாரையும் குறிப்பிடாமல் கண்டித்தார்’. ‘ஒப்லீக்’ விடை என்றால் ‘இறை பயக்கும் விடை’ என்று இலக்கணக் கட்டுரையிலும், ‘நேராகச் சொல்லாமல் விளங்கவைத்தார்’ என்று செய்தியிலும் எழுதலாம். கணிதத்தில் ‘சாய்ந்த’ என்பதே போதும். இலக்கணத்தில் ‘வேற்றுமை ஏற்கும் அடி’ எனலாம். ஒரு சொல்லுக்கு ஆறு ஆக்கமா என்று கேட்பீர்கள். ஆறு இடங்களில் நிற்கும் சொல்லுக்கு ஆறுதான் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு உரிய செய்தி சற்றுக் கவலை தருவது. சிங்கப்பூரில் கருத்தறிதல் என்றும் மலேசியாவில் கருத்துணர்தல் என்றும் வழங்கும் பயிற்சிகளில், பனுவலில் வெளிப்படையாக உள்ளதைக் கேட்கும் வினாக்களுக்கு நம் பிள்ளைகள் நன்றாகவே விடை எழுதுகின்றனர். ‘பாட்டி, மழை வரும்போல இருக்கிறதே என்றார். அவர் எதை உணர்த்தினார்?’ என்பது போன்ற வினாவில் தடுமாறுகின்றனர். ‘மழை வரும் என்று உணர்த்தினார்’ என்று எழுதும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் எல்லாம் தெரியும். பேரன் வெளியே போவதைப் பாட்டி விரும்பவில்லை என்பது தெரியவில்லை. வீட்டில் தமிழ் குறையும்போது முதலில் மறைவது சொல்லன்று, இந்தக் காதுதான். சொல்லை அகராதியில் மீட்கலாம். குறிப்பைக் கேட்கும் காதுக்கு அகராதி கிடையாது. பேசும் பெரியவர்களிடையே உட்கார்ந்தே அதைப் பெற்றாக வேண்டும்.

அதற்கு ஒரு சிறு பயிற்சியை முன்வைக்கிறோம். மேலே சொன்ன ஐந்து விடைவகைகளையும் பலகையில் எழுதி, ‘இன்று வீட்டுப்பாடம் செய்தாயா?’ என்னும் வினாவைக் கொடுங்கள். ஆம், இல்லை என்னும் இரு சொற்களையும் தவிர்த்து ஐவகையிலும் விடை எழுதச் சொல்லுங்கள். பிறகு அவ்விடைகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். எவை ஆங்கிலத்திலும் ‘ஒப்லீக்’ ஆகவே நிற்கின்றன, எவை அங்கே போனதும் நழுவலாகவோ திமிராகவோ ஒலிக்கின்றன என்று பேச விடுங்கள். ‘செய்யாமல் இருப்பேனா?’ என்பது பெரும்பாலும் அங்கே சண்டைக்கு அழைப்பதுபோல் ஆகிவிடும். உயர்நிலை இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்பயிற்சியில் காட்டும் ஆர்வம் இலக்கணப் பாடத்தில் எளிதில் கிடைக்காதது. விடைத்தாளில் ‘உற்றது உரைத்தல்’ என்பதன்கீழ்ப் பேருந்து தாமதம், காய்ச்சல், கணினிக் கோளாறு ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

ஒலிப்பைப் பற்றிக் கேட்ட மாணவர்களுக்கு: இரண்டாம் அசையை நீட்டி அழுத்துவதே பொதுவழக்கு. அமெரிக்கப் படையணிப் பயிற்சியில் மட்டும் அதனை ‘ஒப்லைக்’ என்று ஒலிப்பர். அந்த ஒலிப்பை இங்கே பின்பற்ற வேண்டிய தேவை இல்லை. வினையடையாக ஆளும்போது ‘ஒப்லீக்லி’ என்றாகும். பெயராக்கும்போது ‘ஒப்லீக்னஸ்’ என்றும், வானியல் போன்ற துறைகளில் ‘ஒப்லிக்விட்டி’ என்றும் வரும். கட்டுரையில் ஒருமுறை ஆண்டால் போதும். ஒரு பக்கத்தில் மூன்று முறை வந்தால் படிப்பவர் உங்கள்மீது பக்கப் பார்வை வீசுவார்.